தபால்பெட்டிக்குள் திரும்ப வைத்த கடிதம்

தம்பி,

நீ இதை வாசிக்கும்போது ரயில் கொலோனைத் தாண்டியிருக்கும். உன் கைப்பைக்குள், அம்மா கட்டித் தந்த இடியப்பப் பெட்டிக்குக் கீழே இதை வைக்கப் போகிறேன். பசி வந்தால்தான் நீ அந்தப் பெட்டியைத் தூக்குவாய், அதுவரைக்கும் எனக்கு அவகாசம். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாத மனிதன் எழுதுகிறான் என்று நினைத்துக்கொள், உண்மையும் அதுதான். எனக்கு அறுபத்து நாலு வயதாகிறது. படியேறும்போது முழங்கால் இரண்டும் மாறி மாறி முறைப்பாடு செய்கின்றன. எட்டு மணித்தியாலம் டாக்சி ஓட்டிவிட்டு இறங்கினால் முதுகு நிமிர நேரம் எடுக்கிறது. களைத்துப் போனேன் தம்பி. இந்தக் களைப்போடு ஒரு பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிய இனி என்னால் ஏலாது.

நிலத்துக்குள் கிடக்கும் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் படிப்புக்கு நீ போகிறாய். இரும்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தாய், பிறகு மூன்று வருடம் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வயலாக நடந்து, எங்கே இரும்பு கிடக்கிறது என்று அடையாளம் வைத்தாய். அதுவரை எனக்குப் பெரிய பயமில்லை, அடையாளம் வைத்துவிட்டு நீ விலகி வந்துவிடுவாய். இனிமேல் விலகாமல் அங்கேயே நிற்கும் ஆள் நீதான். அந்தப் படிப்பில் உனக்கு இடம் கிடைத்த கடிதம் மூன்று கிழமை பிந்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அது பிந்தி வரவில்லை. நான்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு உனக்கு ஆறு வயதாக இருந்த ஒரு வசந்தகாலப் பகலுக்குப் போக வேண்டும். அந்த நாளை நீ பலமுறை கூட்டாளிகளிடம் பகிடியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீ சொல்லும் கதையில் நான் ஒரு கோமாளி அப்பா. அதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும்.

உன் கிண்டர்கார்டனுக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது குண்டொன்று தட்டுப்பட்டது. உலகப் போரில் அமெரிக்க விமானம் போட்டு, வெடிக்காமல் அறுபது வருடம் கிடந்த குண்டு. காலை வேலை முடித்து நான் காகிதத் தொழிற்சாலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், தெருவில் ஒலிபெருக்கிக் கார் வந்தது. வீட்டை விட்டு வெளியேறி விளையாட்டு மண்டபத்துக்குப் போகும்படி சொன்னார்கள். எனக்கு விளங்காமல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் குண்டு என்ற ஒரு சொல் காதில் விழுந்த பிறகு மற்றச் சொற்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் குண்டு என்றால் ஒரே ஒரு காரியம்தான் செய்வோம். நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவோம். நான் தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட்டையும் விசாக் காகிதங்கள் வைத்திருந்த கோப்பையும் எடுத்தேன். அம்மா பாயையும் உன்னையும் எடுத்தாள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை, அவளுடைய காலும் என்னுடைய காலைப் போலவே பழகியது. மூன்று பேரும் கெல்லருக்குள், வீட்டுக்குக் கீழேயிருக்கும் நிலவறைக்குள் போய், கதவைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு, சைக்கிள்களுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் குந்தியிருந்தோம்.

நீ மட்டும்தான் அன்றைக்குப் புத்தியோடு இருந்தாய். "அப்பா, எல்லாரும் வெளியில போகினம். நாங்கள் ஏன் உள்ளுக்க வந்தனாங்கள்?" என்று கேட்டாய். நான் உன் வாயைப் பொத்தி, விமானம் போன பிறகு போகலாம் என்றேன். விமானமே இல்லையே என்று நீ கைக்குள் முணுமுணுத்தாய். அந்த மூச்சின் சூடு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

பாதி ஊர் மண்டபத்தில் போய் உட்கார்ந்திருந்தது. கீழ்வீட்டு முதிய அம்மாதான் எங்களைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் உள்ளே இருந்தாலும் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். வீடு வீடாகத் தேடி, கடைசியில் டோர்ச் லைட்டோடு கெல்லர் கதவைத் திறந்தார்கள். நகரசபை ஆளுக்குப் பின்னால், குண்டைக் கழற்ற வந்த மனிதரே நின்றார். ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை, சேறு பட்ட காற்சட்டை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நான் எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டினார். உங்கள் ஊரில் குண்டு மேலேயிருந்து வந்தது, இங்கே அது ஏற்கனவே கீழே வந்து கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே இருப்பதைப் போல ஆபத்து வேறில்லை என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். பிறகு உனக்கு முன்னால் குந்தினார். நீ வெளியே போ, நான் உள்ளே போகிறேன், சரியா என்று கேட்டார். நீ கைகொடுத்தாய். அவருடைய வேலைக்கு நீ ஆசைப்பட்டது அந்தக் கைகொடுப்பில்தான் என்று நினைக்கிறேன். உன்னை அந்த வேலைக்கு அனுப்பியது நான்தான் தம்பி. நான் ஒழுங்காக மண்டபத்துக்குப் போயிருந்தால் அந்த மனிதரை நீ கண்டிருக்கவே மாட்டாய்.

மண்டபத்தில் எங்களைப் பார்த்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் பிந்தியதற்கு நாங்கள்தான் காரணம். கீழ்வீட்டு அம்மா எழுந்து நின்று, சின்ன வயதில் இதே கெல்லருக்குள்தான் நானும் என் தங்கையும் ஒளிந்தோம், எங்களையும் யாரும் குறை சொல்லவில்லை என்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குண்டு போட்டதும் அமெரிக்கர்கள்தான், போர் முடிந்து தெருவில் நின்ற தனக்கு முதல்முதல் தோடம்பழம் தந்ததும் அமெரிக்கச் சிப்பாய்தான், யாரைத் திட்டுவது யாருக்கு நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை என்று சொன்னார். நான் வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது லொறியில் அந்தக் குண்டு கிடந்தது. பழைய காஸ் சிலிண்டர் அளவு, கறள் பிடித்த இரும்பு. அமெரிக்கா எங்கே இருக்கிறது, அவர்கள் ஏன் என் கிண்டர்கார்டனுக்குக் கீழே இதை வைத்தார்கள் என்று நீ கேட்டாய். அது பழைய சண்டை என்றேன்.

இனி நீ அறியாத பாதி. உன் பெரியப்பா காய்ச்சலில் செத்தார் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அவருக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை. சண்டை கொஞ்சம் ஓய்ந்து, இடம்பெயர்ந்திருந்த நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள். வேலியெல்லாம் விழுந்து கிடந்தது. கதியால் தடிகளை நட்டு அடைக்க வேண்டும், நான்தான் அலவாங்குக் கம்பியால் குழி குத்திக்கொண்டு நின்றேன். நாலைந்து குழி குத்தியிருப்பேன். என் அண்ணை, உன் பெரியப்பா, வந்து அலவாங்கை என் கையிலிருந்து வாங்கினார். "நீ போய்க் கதியாலைத் தூக்கிக்கொண்டு வா, நான் குத்துறன்" என்றார். நான் கிணற்றடிக்குப் போனேன். அடுத்த குழிக்குள் வெடிக்காத ஷெல் ஒன்று இருந்திருக்கிறது. திரும்பி வந்து நான் கண்டதை உனக்கு எழுத மாட்டேன். அந்தக் குழி எனக்குரியது. முப்பத்தைந்து வருடமாக நான் ஒவ்வொரு நாளும் எழும்பும்போது அது எனக்குரிய குழி என்று தெரிந்துகொண்டே எழும்புகிறேன். நிலத்துக்குள் கிடக்கும் குண்டைத் தேடிப் போகிற வேலையை என் மகன் விரும்பி எடுக்கிறான் என்றால் எனக்கு எப்படியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார். நீ அந்த வேலைக்கு ஆசைப்பட்டபோதே சொல்லியிருந்தால் எனக்காக அதை விட்டுக்கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லையா, அல்லது சொல்ல வாய் வரவில்லையா, எனக்கே தெளிவில்லை.

போன வருடம் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய படத்தை விரித்தாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்திலிருந்து எடுத்த கறுப்புவெள்ளைப் படம். குண்டு போட்டு முடித்த பிறகு என்ன உடைந்தது என்று பார்க்க அமெரிக்கர்கள் திரும்பப் பறந்து எடுத்த படமாம். அதையே வாங்கித்தான் இன்றைக்கு இங்கே வீடு கட்டுவதற்கு முன் நிலத்தைப் பார்க்கிறார்களாம். பெரிய வட்டங்கள் வெடித்தவை. மிளகுத்தூள் விழுந்தது போல ஒரு சின்னப் புள்ளி. "இதுதானப்பா, உள்ள போய் வெடிக்காமக் கிடக்கிறது" என்று பென்சிலால் காட்டினாய். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். போட்டவர்களே வைத்திருந்த படம் எண்பது வருடம் கழித்து அதை எடுப்பவனுக்கு உதவுகிறது. எங்கள் ஊருக்கு மேலும் விமானங்கள் பறந்தன. அவர்கள் எடுத்த படம் ஏதும் இருந்தால், அண்ணையின் வேலியடியில் அந்தப் புள்ளி தெரிந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன். அப்பாவுக்கு இதில் அக்கறையில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னது குசினிக்குள் கேட்டது.

இன்னொன்றும் உன்னிடமிருந்து மறைத்தேன். தொழிற்சாலை மூடி நான் டாக்சி ஓடத் தொடங்கிய காலத்தில், ஆஹென் ரயில் நிலையத்தில் ஒரு அமெரிக்க அம்மா ஏறினார். எழுபது வயது. எல்லைக்கு அப்பால், பெல்ஜியத்தில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். அவருடைய தகப்பன் இப்போது நாங்கள் இருக்கும் ஊருக்குத் தெற்கே காட்டுக்குள் நடந்த சண்டையில் செத்தவர். அவர் செத்தபோது இந்த அம்மா கைக்குழந்தை. அவ்வளவு தூரம் வந்தவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே நடந்தேன். வெள்ளைச் சிலுவைகள் வரிசையாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. தகப்பனின் சிலுவைக்கு முன்னால் புதுப் பூ இருந்தது. அங்கே பெல்ஜியக் குடும்பங்கள் ஆளுக்கொரு கல்லறையைப் பொறுப்பெடுத்துப் பூ வைப்பது வழக்கமாம். எந்த உறவும் இல்லாத ஒரு வீட்டார் பாட்டன் காலத்திலிருந்து இவருடைய தகப்பனுக்குப் பூ வைக்கிறார்கள். அவர் அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, என் அண்ணைக்குக் கல்லே இல்லை.

திரும்பி வரும்போது அவர் தன் தாயைப் பற்றிக் கதைத்தார். புருஷன் இங்கே சண்டையில் நிற்க, தாய் அங்கே அமெரிக்காவில் குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாராம். குண்டை வெடிக்க வைக்கும் ட்சுண்டரைப் பொருத்திப் பூட்டிப் பரிசோதிக்கிற மேசை. மேசை முழுக்கப் பெண்கள். எல்லார் புருஷன்மாரும் சண்டையில். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார், கைவிரலில் மஞ்சள் நிறம் ஏறிப் போகாமலே இருக்குமாம். நீங்கள் எவ்வளவு செய்கிறீர்களோ அவ்வளவு கெதியாக உங்கள் புருஷன்மார் வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்லித்தான் வேலை வாங்கினார்களாம். ஒரு நாள் தந்தி வந்தது. இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அதே மேசைக்குப் போனார், வேறு போக்கிடம் இல்லை. சாகும் வரைக்கும் போரைப் பற்றி வாய் திறக்காத தாய், கடைசிக் காலத்தில் மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். நான் பூட்டியது ஏதும் பிள்ளைகள் மேல் விழுந்திருக்குமா?

எனக்கு அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. என் மகனின் கிண்டர்கார்டனுக்குப் பக்கத்தில் ஒரு அமெரிக்கக் குண்டு கிடந்தது என்று சொல்லிவிட்டேன். காரை நிறுத்தச் சொன்னார். பீற்றூட் வயலோரம் நிறுத்தினேன். கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். அது வெடிக்கவில்லைத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். யார் எடுத்தது என்று கேட்டார். மீசைக்காரரைப் பற்றிச் சொன்னேன், என் மகனுக்கும் அந்த வேலையில்தான் பைத்தியம் என்றும் சொன்னேன். அப்படியானால் அவரைக் கண்டாலும், உங்கள் மகன் அந்த வேலைக்குப் போனாலும், என் அம்மாவின் பெயரால் நன்றி சொல்லுங்கள், அவவால் திரும்ப எடுக்க முடியாததை அவர்கள் எடுக்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாய். சொன்னால் உன் ஆசை இன்னும் கூடும் என்று பயந்து பேசாமல் விட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்குத் தருகிறேன் தம்பி, அந்த நன்றி உனக்குரியது, நான் மறித்து வைத்திருந்தேன்.

அதே புத்திதான் உன் கடிதத்திலும் வேலை செய்தது. அன்று வாசலில் தபால்காரர் என் கையில்தான் அந்த உறையைத் தந்தார். அனுப்பிய இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய அகதி விண்ணப்பக் காகிதங்கள் இருக்கிற கோப்புக்குள் செருகிவிட்டேன், அந்தக் கோப்பை இந்த வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. சம்மதக் கையெழுத்து வைக்க ஒரு தவணை இருக்கும், அது கடந்தால் இடம் போய்விடும், பிள்ளை வேறு வேலை பார்ப்பான் என்று கணக்குப் போட்டேன். நீ ஒவ்வொரு நாளும் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தாய். மூன்றாவது கிழமை, எனக்கு இடம் கிடைக்கேல்லைப் போல என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய். நான் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

கண்டுபிடித்தவள் அம்மா. பென்ஷன் அலுவலாகப் பழைய காகிதம் ஒன்று தேடப் போய்க் கோப்பைத் திறந்திருக்கிறாள். உறையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். கத்தவில்லை. "அவனை நீங்கள் திரும்பவும் கெல்லருக்குள்ள வச்சுப் பூட்டுறியள்" என்றாள். உன் கையில் தந்திருக்க வேண்டும். அதற்கும் துணிவில்லாமல், நீ வேலையால் வருவதற்கு அரைமணிக்கு முன் போய்த் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். நீ படியில் ஓடி வந்த சத்தம் இன்னும் கேட்கிறது. தவணைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தபால்காரர் வேலை பார்க்கும் லட்சணத்தைப் பார் என்று நீ திட்ட, நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த நாள் நீ வாசலில் வைத்து அந்த மனிதரைக் கேட்டாயே, ஒரு கடிதம் கொண்டுவர மூன்று கிழமையா என்று. நான் உனக்குப் பின்னால் நின்றேன். அவர் உன் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். செய்யாத பிழைக்கு, எனக்காக. நேற்று அவருக்காக வாசலில் காத்து நின்று உள்ளதைச் சொன்னேன். தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், தீயணைப்புப் படையில் வேலை செய்கிறாள், அவளுடைய கடிதம் வந்தபோது தானும் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்ததாகச் சொன்னார். ஆனால் கொடுத்துவிட்டேன் என்றார். நீ விடுமுறையில் வரும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல், அவர் மேல் பிழையில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. இரண்டொரு ஆசை மட்டும் சொல்கிறேன். ஒருவரும் அவசரப்படுத்த விடாதே, அந்த மீசைக்காரர் இரண்டு மணித்தியாலம் பொறுத்தார். யாராவது பயந்து பதுங்கியிருந்தால் அவர்களுடைய நாட்டைக் கேள், ஏசாதே. உனக்கொரு பிள்ளை பிறந்தால், பெரியப்பா எப்படிச் செத்தார் என்பதை உள்ளபடி சொல்லி வளர். வேலை முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் எடு, எனக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. நான் பயப்படுவதை நிறுத்துவேன் என்று வாக்குத் தர ஏலாது. பயம் இருக்கும். அதை உன் வழியில் கொண்டுவந்து வைக்க மாட்டேன், அவ்வளவுதான். என் மேல் கோபமாயிரு, எவ்வளவு நாளைக்கு வேண்டுமென்றாலும் இரு.

இந்த ஊருக்குக் கீழே இன்னும் கிடக்கிறது என்று நீதான் சொல்கிறாய். படிப்பு முடித்து நீ வந்த பிறகு ஒரு நாள் அந்த ஒலிபெருக்கிக் கார் எங்கள் தெருவுக்குத் திரும்பவும் வரும். அன்றைக்குக் குழியடியில் நீ நிற்கலாம். முழங்கால் நோவோடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, முதல் ஆளாக நான் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நிமிடம்கூட நீ எனக்காகக் காத்து நிற்க வேண்டியிராது.

அப்பா